கட்டளைவரி ஆர்க்யுமென்ட்களைக் கையாள்வது எப்படி: முதல் கருவியை எழுதுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் நன்றாகவே ஓடுகிறது. ஆனால் எந்தக் கோப்பை எடுக்க வேண்டும், எந்த அளவுக்கு மாற்ற வேண்டும் என்பதெல்லாம் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. எண்ணை மாற்ற வேண்டுமென்றால் எடிட்டரைத் திறந்து, திருத்தி, சேமித்து, மறுபடி ஓட்ட வேண்டும். அந்த விவரங்களை நிரலை ஓட்டும்போதே வெளியிலிருந்து கொடுக்க முடிந்தால் அது உங்கள் ஸ்கிரிப்டாக மட்டும் இல்லாமல் வேறு யாரும் பயன்படுத்தக்கூடிய கருவியாகிவிடும். அப்படி வெளியிலிருந்து கொடுப்பவைதான் ஆர்க்யுமென்ட்கள்.

கட்டுரை முழுக்க ஒரே கருவியை எடுத்துக்கொள்வோம். படங்களின் அளவைக் குறைக்கும் 'சுருக்கு' என்ற சின்ன நிரல். மொழி பைதான் 3. ஆப்ஷன் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். பைதான் 3 இதை எந்தத் தடையும் இல்லாமல் ஏற்றுக்கொள்ளும், நீங்கள் அப்படியே தட்டிப் பார்க்கலாம். பைதானின் சொந்தப் பெயர்களைத் தமிழ் ஒலிப்பில் எழுதி, முதல்முறை வரும்போது அடைப்புக்குள் ஆங்கிலத்தில் தந்திருக்கிறேன். அவற்றை மட்டும் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும்.

முதலில், நிரலுக்கு என்ன வந்து சேர்கிறது என்று பாருங்கள்

எந்த லைப்ரரியையும் தொடும் முன் இதைச் செய்துவிடுங்கள். புதியவர்கள் மாட்டிக்கொள்ளும் குழப்பங்களில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. பைதானில் 'சிஸ்' (sys) என்ற மாட்யூலை இம்போர்ட் செய்து, அதிலுள்ள 'ஆர்க்வி' (argv) என்ற லிஸ்ட்டை அப்படியே பிரின்ட் செய்யுங்கள். இரண்டே வரி. பிறகு டெர்மினலில் இப்படி ஓட்டுங்கள்:

```
சுருக்கு --அகலம் 800 "மழை நாள்.ஜேபிஜி"
```

லிஸ்ட்டில் நான்கு உருப்படிகள் இருக்கும். முதலாவது நிரலின் பெயர் (சில நேரம் முழுப் பாதையோடு வரும்). அடுத்து --அகலம். அடுத்து 800. கடைசியில் மழை நாள்.ஜேபிஜி. இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். நீங்கள் போட்ட மேற்கோள்குறிகள் காணாமல் போய்விட்டன. அப்புறம், 800 என்பது எண்ணாக வரவில்லை, மூன்று எழுத்துகள் கொண்ட ஸ்டிரிங்காக வந்திருக்கிறது.

காரணம், நீங்கள் தட்டிய வரியை உங்கள் நிரல் பார்ப்பதே இல்லை. அதை முதலில் படிப்பது ஷெல், அதாவது டெர்மினலில் தட்டும் கட்டளைகளைப் படித்து நிரல்களை ஓட்டும் நிரல். இடைவெளி வந்த இடங்களில் அதுதான் வரியை வெட்டுகிறது. மேற்கோள்குறிக்குள் இருப்பதை வெட்டாமல் ஒன்றாக வைத்துக்கொண்டு, குறியை மட்டும் எடுத்துவிடுகிறது. இப்படி வெட்டி முடித்த துண்டுகள்தான் நிரலின் கைக்கு வருகின்றன. மேற்கோள்குறி இல்லாமல் ஓட்டினால் 'மழை' ஒரு துண்டாகவும் 'நாள்.ஜேபிஜி' இன்னொரு துண்டாகவும் வரும். பிறகு அந்தப் பெயர்களில் கோப்பே இல்லை என்ற எர்ரர் வரும். நிரலில் எவ்வளவு தேடினாலும் பிழை கிடைக்காது, ஏனென்றால் பிழை நிரலில் இல்லை.

நட்சத்திரக் குறியும் இப்படித்தான். லினக்ஸிலும் மேக்கிலும் *.ஜேபிஜி என்று தட்டினால், ஷெல் அந்த ஃபோல்டரில் பொருந்தும் கோப்புகளை எல்லாம் தேடி, பெயர்களை வரிசையாக வைத்துத் தருகிறது. உங்கள் நிரல் நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை. ஒன்றும் பொருந்தவில்லை என்றால் பாஷ் (bash) என்ற ஷெல் அந்த நட்சத்திரத்தை அப்படியே அனுப்பிவிடும், ஸீஷெல் (zsh) எர்ரர் காட்டி நின்றுவிடும். விண்டோஸில் கதை வேறு. அங்கே கமாண்ட் ப்ராம்ப்ட்டும் பவர்ஷெல்லும் நட்சத்திரத்தை விரிக்காமல் நிரலிடமே கொடுத்துவிடும், 'க்ளாப்' (glob) மாட்யூலை வைத்து நீங்கள்தான் விரிக்க வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒற்றை மேற்கோள்குறிக்கு இடைவெளியைக் காக்கும் வேலையும் கிடையாது, இரட்டைக் குறிதான் செல்லும். உங்கள் கருவியை இரண்டு பக்கமும் பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் இரண்டு பக்கமும் ஓட்டிப் பாருங்கள்.

அலைக்குறி ~ இன்னும் நுணுக்கமானது. தனியாக ~/படங்கள் என்று கொடுத்தால் ஷெல் அதை உங்கள் ஹோம் ஃபோல்டராக மாற்றிவிடும். அதையே --இடம்=~/படங்கள் என்று ஒட்டிக் கொடுத்தால் பாஷ் மாற்றாது. நிரலுக்கு அலைக்குறி அப்படியே வரும். நீங்கள் கவனிக்காமல் ஃபோல்டரை உருவாக்கினால் ~ என்ற பெயரிலேயே ஒரு ஃபோல்டர் முளைக்கும். அப்படி முளைத்ததை அழிக்கும்போது வெறும் ~ என்று கொடுத்தால் போவது உங்கள் ஹோம் ஃபோல்டர். ./~ என்றுதான் கொடுக்க வேண்டும். பாதை எதையும் வாங்கியவுடன் 'எக்ஸ்பான்ட்யூசர்' (expanduser) ஃபங்ஷன் வழியாக அனுப்பிவிட்டால் இந்த வம்பே வராது.

ஹெல்ப்பை முதலில் எழுதுங்கள்

குறியீடு எழுதும் முன், பயன்படுத்தும் விதத்தை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். சதுர அடைப்புக்குள் இருப்பது விருப்பம், மூன்று புள்ளி என்றால் 'இன்னும் எத்தனை வேண்டுமானாலும்' என்பது பழைய யூனிக்ஸ் மரபு.

```
சுருக்கு [-அ அகலம்] [-த தரம்] [-இ ஃபோல்டர்] [-ஒ] [-வ] கோப்பு...
```

இந்த ஒரு வரியை எழுதும்போதே பாதி முடிவுகள் எடுக்கப்பட்டுவிடும். எது இல்லாமல் வேலையே நடக்காதோ அதைப் பெயரில்லாத, இடத்தை வைத்து அறியப்படும் ஆர்க்யுமென்டாக வையுங்கள். இங்கே அது கோப்பு. மற்றவை எல்லாம் ஆப்ஷன்கள். ஆப்ஷன் என்றால் கொடுக்காவிட்டாலும் ஓட வேண்டும், அதனால் ஒவ்வொன்றுக்கும் ஏற்ற டிஃபால்ட் மதிப்பு யோசியுங்கள்.

பெயரில்லாதவை வெவ்வேறு வகையில் இரண்டுக்கு மேல் போனால் நிறுத்தி யோசியுங்கள். 'சுருக்கு பூ.ஜேபிஜி 800 75' என்பதில் எது அகலம், எது தரம் என்று அடுத்த மாதம் உங்களுக்கே நினைவிருக்காது. பெயர் வைத்த ஆப்ஷன் தட்டுவதற்குக் கொஞ்சம் நீளம்தான், ஆனால் படிப்பவருக்கு விளக்கம் தேவைப்படாது.

-ஒ என்பது --ஒத்திகை. எந்தக் கோப்பையும் தொடாமல், என்னென்ன செய்யப்போகிறது என்பதை மட்டும் திரையில் காட்டும். கோப்புகளை மாற்றுகிற, அழிக்கிற எந்தக் கருவிக்கும் இந்த ஆப்ஷனை முதல் நாளே சேர்த்துவிடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. பயன்படுத்துபவரின் தரவு அவருடையது, அதைத் தொடும் முன் பார்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு கொடுப்பது நம் கடமை.

கையால் வெட்ட வேண்டாம்

ஆர்க்வி லிஸ்ட்டை லூப்பில் ஓட்டி இஃப், எல்ஸ் போட்டுப் பிரித்தால் என்ன என்று தோன்றும். அகலம் 800 என்ற ஒரே செய்தியை மனிதர்கள் எப்படியெல்லாம் தட்டுவார்கள் என்று பாருங்கள்:

```
-அ 800
-அ800
--அகலம் 800
--அகலம்=800
```

மதிப்பில்லாத இரண்டு குறுகிய ஆப்ஷன்களைச் சேர்த்து -ஒவ என்றும் தட்டுவார்கள். கோப்புப் பெயருக்கு முன்னால் ஆப்ஷன் வரலாம், பின்னாலும் வரலாம். இவை அனைத்தும் பல்லாண்டுப் பழக்கம். குறுகிய ஆப்ஷன்களைச் சேர்த்து எழுதுவது போசிக்ஸ் (யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலை) விதிகளிலேயே இருக்கிறது. இரட்டைக் கோடு போட்ட நீளப் பெயர்களைப் பரவலாக்கியது க்னூ கருவிகள். இவ்வளவையும் சரியாகச் செய்யும் லைப்ரரி ஏற்கெனவே இருக்கும்போது நாம் புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

பைதானில் அது 'ஆர்க்பார்ஸ்' (argparse). பதிப்பு 2.7, 3.2 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது, தனியாக நிறுவ வேண்டாம். பழைய குறிப்புகளில் 'ஆப்ட்பார்ஸ்' (optparse) என்று பார்த்தால் அது இதற்கு முந்தையது. சி மொழியில் 'கெட்ஆப்ட்', பாஷ் ஸ்கிரிப்ட்டில் 'கெட்ஆப்ட்ஸ்', கோ மொழியில் 'ஃப்ளாக்' பேக்கேஜ், ரஸ்ட்டில் பலரும் எடுப்பது 'க்ளாப்' (clap) என்ற லைப்ரரி (பைதானின் க்ளாபுக்கும் இதற்கும் தொடர்பில்லை), நோட்.ஜேஎஸ் 18.3 முதல் உள்ளேயே 'பார்ஸ்ஆர்க்ஸ்'. எல்லாம் ஒரே மாதிரி நடக்கும் என்று எண்ண வேண்டாம். கோவின் ஃப்ளாக், ஆப்ஷன் அல்லாத முதல் துண்டைப் பார்த்ததும் நிறுத்திவிடும், அதற்குப் பின் -ஒ என்று கொடுத்தால் அதையும் கோப்பாகவே எடுத்துக்கொள்ளும். சியின் கெட்ஆப்ட் குறுகிய ஆப்ஷன்களை பைட் பைட்டாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்துக் குறி மூன்று பைட் என்பதால் -அ அங்கே வேலை செய்யாது. இந்தக் கட்டுரைக்கு பைதானை எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பார்சரைக் கட்டுவது

வேலை மூன்று கட்டம். 'ஆர்க்யுமென்ட்பார்சர்' (ArgumentParser) என்ற கிளாஸிலிருந்து, ஆர்க்யுமென்ட்களைப் பிரித்துத் தரும் ஒரு பார்சரை உருவாக்குங்கள், அதிலேயே கருவி என்ன செய்யும் என்ற ஒரு வரி விளக்கத்தைக் கொடுங்கள். அடுத்து ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் ஒருமுறை 'ஆட்_ஆர்க்யுமென்ட்' (add_argument) அழையுங்கள். கடைசியாக 'பார்ஸ்_ஆர்க்ஸ்' (parse_args) அழைத்தால் எல்லா மதிப்பும் ஒரே பொருளில் வந்துவிடும். அதில் அகலம், தரம் என்று புள்ளி வைத்து நேரடியாக எடுக்கலாம். --ஹெல்ப் (--help) ஆப்ஷனை ஆர்க்பார்ஸ் தானே சேர்த்துவிடும்.

நேரம் செலவிட வேண்டியது நடுக்கட்டத்தில்தான்.

அகலத்துக்கு 'டைப்' (type) என்ற இடத்தில் இன்ட் (int) கொடுங்கள். ஸ்டிரிங் எண்ணாக மாறிவிடும், யாராவது 'பெரியது' என்று தட்டினால் ஆர்க்பார்ஸே பிழை சொல்லி நிறுத்திவிடும். பைதானின் இன்ட் தமிழ் எண்களையும் படிக்கும் என்பது எனக்குப் பிடித்த விஷயம். ௮௦௦ என்று கொடுத்தாலும் 800 கிடைக்கும்.

தரம் 1 முதல் 100 வரை மட்டும் இருக்க வேண்டும். 'சாய்ஸஸ்' (choices) என்ற இடத்தில் அந்த வரம்பைக் கொடுக்கலாம்தான், ஆனால் ஹெல்ப்பில் நூறு எண்களும் வரிசையாக வந்து நிற்கும். அதற்குப் பதில் ஸ்டிரிங்கை வாங்கி, எண்ணாக்கி, வரம்பைச் சோதித்து, தவறென்றால் 'ஆர்க்யுமென்ட்டைப்எர்ரர்' (ArgumentTypeError) எழுப்பும் ஐந்து வரி ஃபங்ஷன் ஒன்றை எழுதி அதை டைப்பாகக் கொடுங்கள். டைப் என்ற இடத்தில் எந்த ஃபங்ஷனையும் கொடுக்கலாம் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. சாய்ஸஸ் மூன்று நான்கு பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்துக்கு நல்லது.

ஒத்திகை (-ஒ), விவரம் (-வ) போன்றவற்றுக்கு மதிப்பே வேண்டாம், கொடுத்தால் ஆம், கொடுக்காவிட்டால் இல்லை. அதற்கு 'ஆக்‌ஷன்' (action) என்ற இடத்தில் 'ஸ்டோர்_ட்ரூ' (store_true) என்று எழுதுங்கள். டைப்பில் பூல் (bool) கொடுத்துவிடாதீர்கள். காலியில்லாத எந்த ஸ்டிரிங்கும் பூலில் உண்மையாகிவிடும், 'ஃபால்ஸ்' என்று தட்டினாலும் உண்மைதான் வரும். எர்ரரும் வராது என்பதால் கண்டுபிடிக்கவே நாளாகும்.

கோப்புகளுக்கு 'என்ஆர்க்ஸ்' (nargs) என்ற இடத்தில் கூட்டல் குறி. குறைந்தது ஒன்றாவது வேண்டும் என்று அர்த்தம். இந்தக் கூட்டல் குறியை ஆப்ஷனுக்குப் போடும்போது மட்டும் எச்சரிக்கை தேவை. 'இவற்றைத் தவிர்' என்று ஓர் ஆப்ஷனைச் சேர்த்து அதற்குக் கூட்டல் குறி போட்டால், அதற்குப் பின் வரும் கோப்புப் பெயர்களையெல்லாம் அதுவே விழுங்கிவிடும். பிறகு கோப்பே கொடுக்கவில்லை என்று எர்ரர் வரும். அங்கே ஆக்‌ஷனில் 'அப்பெண்ட்' (append) போட்டு, --தவிர் ஒன்று --தவிர் இரண்டு என்று மறுபடி மறுபடி கொடுக்கச் சொல்வதே பாதுகாப்பு.

ஹெல்ப் வரிகளில் சதவீதக் குறி எழுதினால் இரண்டு முறை எழுத வேண்டும். ஆர்க்பார்ஸ் அந்தக் குறியைத் தன் வேலைக்குப் பயன்படுத்துகிறது, ஒற்றைக் குறி இருந்தால் நிரல் விழுந்துவிடலாம்.

இன்னொன்று, நீளப் பெயரை முழுதாகத் தட்டாமல் --அக என்றாலும் ஆர்க்பார்ஸ் அதை --அகலம் என்று எடுத்துக்கொள்ளும். வசதிதான். ஆனால் யாரோ தன் ஸ்கிரிப்ட்டில் --அக என்று எழுதிவைத்த பிறகு நீங்கள் --அகற்று என்று புதிய ஆப்ஷன் சேர்த்தால், எது என்று தெரியாமல் அவருடைய ஸ்கிரிப்ட் நின்றுவிடும். பார்சரை உருவாக்கும்போதே 'அலவ்_அப்ரெவ்' (allow_abbrev) என்பதை அணைத்துவிடுங்கள், பதிப்பு 3.5 முதல் இருக்கிறது.

தமிழ்ப் பெயர்களில் ஒரு கண்ணி

மேலே எந்த ஆப்ஷனிலும் 'கொ', 'கோ', 'கௌ' வகை எழுத்து வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வேண்டுமென்றேதான். யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். க-வுக்குப் பின் ஓகாரக் குறி ஒன்றாக வரலாம், அல்லது ஏகாரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு. ஒருவர் விசைப்பலகை ஒருவிதமாகவும் இன்னொருவருடையது வேறுவிதமாகவும் தந்தால், கண்ணுக்குச் சரியாகத் தெரியும் ஆப்ஷனை நிரல் தெரியாது என்று சொல்லிவிடும். ஆப்ஷன் பெயரில் இவற்றைத் தவிர்ப்பது எளிது. மதிப்புகளை ஒப்பிட வேண்டிய இடத்தில் 'யூனிகோட்டேட்டா' (unicodedata) மாட்யூலின் 'நார்மலைஸ்' (normalize) ஃபங்ஷனை வைத்து இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள். கோப்புப் பெயர்களை மட்டும் அப்படி மாற்றிவிட்டுத் திறக்க வேண்டாம். வட்டில் அந்தக் கோப்பு மற்ற வடிவத்தில் இருந்தால், மாற்றிய பெயரில் அது கிடைக்காமல் போகலாம்.

கோடுகளின் சிக்கல்

கோப்பின் பெயரே -ஒ.ஜேபிஜி என்று இருந்தால்? நிரல் அதை ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். இதற்காகவே வெறும் இரட்டைக் கோடு இருக்கிறது. 'இதற்குப் பின் வருவது எதுவும் ஆப்ஷன் அல்ல' என்று அது சொல்கிறது:

```
சுருக்கு -ஒ -- -ஒ.ஜேபிஜி
```

./-ஒ.ஜேபிஜி என்று கொடுத்தாலும் தப்பிக்கலாம். இது ஏட்டுச் சிக்கல் அல்ல. கோப்புகளை அழிக்கும் 'ஆர்எம்' (rm) கட்டளையோடு வெறும் நட்சத்திரத்தைத் தட்டும் ஃபோல்டரில் -ஆர்எஃப் (-rf) போன்ற பெயரில் ஒரு கோப்பு இருந்தால், ஷெல் விரித்துக் கொடுக்கும்போது அந்தப் பெயர் ஆப்ஷனாகிவிடும். உள்ளே இருக்கும் ஃபோல்டர்களும் சேர்ந்து அழியும். நட்சத்திரத்துக்கு முன் ./ போடுவது நல்ல பழக்கம்.

ஆப்ஷனின் மதிப்பே கோட்டில் தொடங்கினால் சமக்குறி போட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். கோப்புப் பெயரின் கடைசியில் சேர்க்க --ஒட்டு என்று ஓர் ஆப்ஷன் இருந்தால், --ஒட்டு=-சிறியது என்பது வேலை செய்யும், இடைவெளி விட்டால் மதிப்பு இல்லை என்று எர்ரர் வரும்.

வேறெங்கிருந்தோ நகலெடுத்து ஒட்டிய கட்டளை வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் கோடுகளை உற்றுப் பாருங்கள். ஆவண மென்பொருள்கள் பல, இரண்டு சிறு கோடுகளை ஒரே நீளக் கோடாக மாற்றிவிடும். நிரலுக்கு அது ஆப்ஷனே அல்ல, ஏதோ ஒரு கோப்புப் பெயர்.

தவறு நேரும்போது

தவறுகளை வேலை தொடங்கும் முன்பே பிடியுங்கள். ஐம்பது படங்களில் நாற்பதைச் சுருக்கிவிட்டு 'சேமிக்கும் ஃபோல்டர் இல்லை' என்று நிற்பது பயன்படுத்துபவருக்கு மிகவும் எரிச்சலானது. ஆப்ஷன்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் பார்சரின் 'எர்ரர்' (error) ஃபங்ஷனை அழைத்துச் சொல்லுங்கள். அது பயன்பாட்டு வரியையும் உங்கள் செய்தியையும் எர்ரர் செய்திகளுக்கான தனி வழியில் (stderr) எழுதி, 2 என்ற எண்ணோடு வெளியேறும். வெற்றி என்றால் 0, மற்றவை தோல்வி. உங்கள் கருவியை வேறொரு ஸ்கிரிப்ட்டிலிருந்து அழைப்பவர்கள் இந்த எண்ணை நம்பித்தான் எழுதுவார்கள்.

செய்தியில் என்ன வந்தது, என்ன எதிர்பார்க்கப்பட்டது என்ற இரண்டும் இருக்கட்டும். 'தவறான மதிப்பு' என்பது யாருக்கும் உதவாது. 'தரம் 1 முதல் 100 வரை இருக்க வேண்டும், கிடைத்தது 250' என்றால் அவரே திருத்திக்கொள்வார்.

கடவுச்சொல்லை மட்டும் ஆர்க்யுமென்டாக வாங்கவே கூடாது. அது ஷெல்லின் ஹிஸ்டரி கோப்பில் தங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது அதே கணினியில் இருக்கும் மற்றவர்கள் ஓடும் நிரல்களைக் காட்டும் 'பிஎஸ்' (ps) கட்டளை போட்டால் தெரிந்துவிடவும் கூடும். 'கெட்பாஸ்' (getpass) மாட்யூல் வழியாகக் கேளுங்கள், அல்லது அனுமதி கட்டுப்படுத்திய கோப்பிலிருந்து படியுங்கள்.

சோதிப்பது எளிது

பார்ஸ்_ஆர்க்ஸுக்கு நீங்களே ஒரு லிஸ்ட் கொடுக்கலாம். கொடுக்காவிட்டால்தான் அது ஆர்க்வியை எடுக்கும். எனவே முதன்மை ஃபங்ஷனை, லிஸ்ட் ஒன்றை வாங்கும்படி, அதன் டிஃபால்ட் 'நன்' (None) ஆக இருக்கும்படி எழுதிவிடுங்கள். டெர்மினலைத் திறக்காமலே டெஸ்ட்கள் எழுதிவிடலாம். இடைவெளி உள்ள பெயர், கோட்டில் தொடங்கும் பெயர், காலி ஸ்டிரிங், தமிழ்ப் பெயர் ஆகிய நான்கையும் டெஸ்ட்டில் கட்டாயம் சேருங்கள்.

உங்கள் நிரல் வேறொரு நிரலை அழைக்கும்போதும் இதே கவனம் வேண்டும். 'சப்பிராசஸ்' (subprocess) மாட்யூலுக்குத் துண்டுகளை லிஸ்ட்டாகவே கொடுங்கள். ஒரே ஸ்டிரிங்காக ஒட்டி ஷெல்லிடம் கொடுத்தால், இடைவெளிகளில் மறுபடி வெட்டுப்படும், நட்சத்திரமும் மறுபடி விரியும். கோப்புப் பெயருக்குள் யாராவது கட்டளையைப் புதைத்து வைத்திருந்தால் அதுவும் ஓடும்.

கருவி வளர்ந்து வேலைகள் பலவானால் கிட் (git) போல உள்கட்டளைகள் வைக்கலாம், ஆர்க்பார்ஸில் அதற்கு 'ஆட்_சப்பார்சர்ஸ்' (add_subparsers) இருக்கிறது. முதல் பதிப்பில் அவசரம் இல்லை. அதைவிட முக்கியம், ஒருமுறை வெளியே கொடுத்த ஆப்ஷன் பெயரைச் சட்டென்று மாற்றாமல் இருப்பது. --இடம் என்பதை --இலக்கு என்று மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஒரே ஆட்_ஆர்க்யுமென்ட் அழைப்பில் இரண்டு பெயரையும் கொடுங்கள். ஆர்க்பார்ஸ் முதலில் வரும் நீளப் பெயரில்தான் மதிப்பை வைக்கும் என்பதால், 'டெஸ்ட்' (dest) என்ற இடத்தில் உங்களுக்கு வேண்டிய பெயரை எழுதிவிடுங்கள். பழைய பெயரில் எழுதிய ஸ்கிரிப்ட்கள் எல்லாம் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.